டிராபான்ட் கார்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு டிராபான்ட் 601 இருக்கிறது. 1986-இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நிறம், வெள்ளை என்று சொல்ல முடியாத பழைய காகித நிறம். நான் குடியிருப்பது ஒருகாலத்தில் கிழக்கு ஜெர்மனியாக இருந்த சாக்சனி மாநிலத்தில்; வண்டி பிறந்ததும் இதே மாநிலத்தில்தான். யாருக்காவது அதன் படத்தை அனுப்பினால் போதும், அதே பத்துப் பதினைந்து கேள்விகள் வந்து விழும். தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன்.

டிராபான்ட் என்று ஒரு கம்பெனியா? கேள்விப்பட்டதே இல்லையே.

கம்பெனி பெயர் சாக்சன்ரிங். ஊர் ஸ்விக்காவ். கிழக்கு ஜெர்மனியில் எல்லாத் தொழிற்சாலையும் அரசுடைமை, ‘மக்களுக்குச் சொந்தமான தொழிற்சாலை’ என்பது அவற்றின் அதிகாரப்பூர்வப் பட்டம். டிராபான்ட் என்பது காரின் பெயர்தான் என்றாலும், அந்தத் தொழிற்சாலை பல்லாண்டுகள் வேறு காரே செய்யாததால் அதுவே பிராண்டு பெயராகவும் நின்றுவிட்டது.

முதல் வண்டிகள் வெளியே வந்த நாள் 1957 நவம்பர் 7. ரஷ்யப் புரட்சியின் நாற்பதாம் ஆண்டு நாள் அது, ஆகவே தேதி தற்செயல் இல்லை. தொழிலாளர்களிடையே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர். டிராபான்ட் என்றால் கூடவே வருபவன், துணைக்கோள் என்றும் பொருள். ஸ்புட்னிக் என்ற ரஷ்யச் சொல்லுக்கும் அதே அர்த்தம்தான். அந்தப் பெயருள்ள சோவியத் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது அதே ஆண்டு அக்டோபர் 4-இல். கடைசி வண்டி 1991 ஏப்ரல் 30-இல் வந்தது. மொத்தம் 30 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறக்குறைய 28 லட்சம் என்னிடம் இருக்கும் 601 வகை.

செல்லப்பெயர் டிராபி. கோப்பை எதுவும் கொடுக்கமாட்டார்கள்.

ஆடி காருக்கும் இதற்கும் சொந்தம் என்கிறார்களே, அளக்கிறார்களா?

அளப்பே இல்லை, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆகஸ்ட் ஹோர்ஹ் என்ற பொறியாளர் 1904-இல் தன் கார் கம்பெனியை ஸ்விக்காவுக்குக் கொண்டுவந்தார். 1909-இல் உள்ளே சண்டை வந்தது. மனிதர் வெளியேறி அதே ஊரில் இன்னொரு கம்பெனி தொடங்கினார். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. அவர் பெயரை அவரே வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பு. வேறு என்ன பெயர் வைப்பது என்று பெரியவர்கள் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பையன்தான் வழி சொன்னான் என்பது கதை. ஹோர்ஹ் என்றால் ஜெர்மனில் ‘காதுகொடுத்துக் கேள்’. அதையே லத்தீனில் சொன்னால் ‘ஆடி’.

1932-இல் ஆடி, ஹோர்ஹ், டி.கே.டபிள்யூ., வான்டரர் ஆகிய நான்கும் சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆயின. ஆடி காரின் மூக்கில் இருக்கும் நான்கு வளையம் அந்த நால்வர்தான். இதில் டிராபிக்கு நேரடி மூதாதை டி.கே.டபிள்யூ. டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசன் என்பவரின் கம்பெனி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் (பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் எளிய வகை) என்றால் அவர்களுக்கு உயிர். 1931-இல் அவர்கள் எஃப் 1 என்ற சின்னக் காரை ஸ்விக்காவில் உள்ள ஆடி தொழிற்சாலையிலேயே செய்தார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அதுவும் குறுக்குவாட்டில், முன் சக்கரம் இழுக்கும் அமைப்பு. டிராபியின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள், அதே சங்கதிதான்.

போருக்குப் பிறகு சோவியத் படை தொழிற்சாலை இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றிவிட்டது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் பலர் மேற்கே போய் 1949-இல் பவேரியாவின் இங்கோல்ஸ்டாட்டில் ஆட்டோ யூனியனை மறுபடி தொடங்கினார்கள். இன்றைய ஆடி அதன் வழி வந்தது. கட்டடமும், ஊரும், கைவேலை தெரிந்த ஆட்களும் ஸ்விக்காவிலேயே தங்கிவிட்டார்கள். பெயரை அண்ணன் எடுத்துப் போனான், வீட்டைத் தம்பி வைத்துக்கொண்டான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். அந்த நால்வரில் ஒருவரான வான்டரர், தன் மோட்டார் சைக்கிள் பிரிவை 1929-இல் செக் நாட்டுத் தொழிலதிபர் யானெச்செக்கிடம் விற்றது. யானெச்செக் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் தொடக்கத்தில் வரும் ‘ஜா’வும் வான்டரரின் ‘வா’வும் சேர்ந்ததுதான் ஜாவா. பிறகு மைசூரில் அதே ஜாவா, அதற்குப் பின் யெஸ்டி. உங்கள் சித்தப்பா யெஸ்டி ஓட்டியிருந்தால் என் டிராபிக்கு அவர் தூரத்து உறவு.

அட்டையில் செய்த காராமே? மழையில் ஊறிப்போகாதா?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஜெர்மன்காரர்களே இதற்கு ‘ரேஸ் அட்டை’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், ஆகவே உங்களைக் குறை சொல்ல முடியாது.

உள்ளே இருக்கும் சட்டகம் இரும்பு. அதன் மேல் போர்த்தியிருக்கும் கதவுத் தோல், மட்கார்டு, கூரை, பானட் எல்லாம் டியூரோபிளாஸ்ட். ஐம்பதுகளில் கார் செய்யத் தகுந்த இரும்புத் தகடு மேற்கு நாடுகளிடமிருந்து கிடைக்கவில்லை, சொந்தமாகவும் போதுமான அளவு இல்லை. கையில் இருந்தது இரண்டு பொருள். ஒன்று, சோவியத் யூனியனிலிருந்து வந்த பஞ்சாலைக் கழிவு. மற்றது, ஃபீனால் பிசின். பஞ்சை மெத்தைபோல் அடுக்கி, பிசினைத் தூவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் கெட்டியான தகடு. பழைய வீடுகளில் டொக்கென்று அமுங்கும் கறுப்பு சுவிட்சுகள் இருக்குமே, அந்த பேக்கலைட்டுக்கு இது பங்காளி. 1955-இல் வந்த பி 70 என்ற காரில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிராபிக்கு வந்தார்கள்.

விரலால் தட்டினால் தகர ஓசை வராது. அலமாரிக் கதவைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்று கேட்கும். மழையில் ஊறாது, துருப்பிடிக்காது, சின்ன இடிக்கெல்லாம் நசுங்காது. பலமாக இடித்தால் விரிசல் விடும்.

கெட்ட செய்தி இரண்டு. உள்ளே இருக்கும் இரும்பு வழக்கம்போல் துருப்பிடிக்கும், வெளியே தோல் பளபளவென்று இருப்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது, தகரத்தை அச்சில் போட்டால் நொடியில் மட்கார்டு வந்துவிடும். டியூரோபிளாஸ்ட் அச்சுக்குள் நிமிடக்கணக்கில் வேக வேண்டும். உற்பத்தியைக் கூட்ட நினைத்தாலும் கூட்ட முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

601 என்பது என்ன கணக்கு?

அறுநூறுக்கு அடுத்த மாடல், அவ்வளவுதான். ஆனால் கிழக்கு ஜெர்மனியில் சொல்லும் விளக்கம் வேறு: 600 பேர் பணம் கட்டினார்கள், 1 ஆளுக்குக் கிடைத்தது.

உண்மையிலேயே பத்து வருஷம் காத்திருந்தார்களா?

பத்து என்பது அதிர்ஷ்டக்காரர்களுக்கு. பன்னிரண்டு, பதினைந்து சாதாரணம். நம் ஊரில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது எளிதில் புரியும்.

என் வண்டியை விற்ற பெரியவர் 1973-இல் பெயர் பதிந்தவர். அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். வண்டி வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று அஞ்சலட்டை வந்தபோது அவர் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. நீல நிறம் கேட்டிருந்தார். போனால் பழைய காகித நிறம்தான் நின்றது. வேண்டாம் என்று சொல்லலாமே என்றேன். சிரித்தார். இதை எடுக்காவிட்டால் அடுத்த கார்டு எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியவுடன் பெயர் பதிவது குடும்ப வழக்கம், கார் வேண்டுமோ வேண்டாமோ. பதிவுச் சீட்டே கைமாறி விலை போனது. விலை என்று பார்த்தால், மாதம் ஆயிரம் மார்க் சம்பளம் வாங்கும் ஊரில் காரின் விலை எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம். விசித்திரம் என்னவென்றால் பழைய வண்டிக்குப் புது வண்டியைவிட விலை அதிகம். புதிதுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பழையதை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாமே.

குறுக்குவழியும் ஒன்று இருந்தது. மேற்கு ஜெர்மனியில் சொந்தக்காரர் இருந்து, அவர் மேற்கத்திய மார்க்கில் கெனெக்ஸ் என்ற அரசு நிறுவனம் வழியாகப் பணம் கட்டினால், வரிசையே கிடையாது. சமத்துவ நாட்டில் வெளிநாட்டு மாமா உள்ளவனுக்கு முதல் மரியாதை.

எஞ்சின் எப்படி?

ஆர்.எக்ஸ். 100 பைக்கைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்குக்கு அரை மணியில் பிடிபடும். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் வகை. 594 சி.சி., 26 குதிரைத்திறன். 1957-இல் முதல் வண்டிக்கு 500 சி.சி., 18 குதிரைத்திறன். மேலும் கீழும் ஆடும் வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, ரேடியேட்டர் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, பெட்ரோல் பம்ப்கூட இல்லை. இரண்டு பிஸ்டன், இரண்டு கனெக்டிங் ராடு, ஒரு கிராங்க் ஷாஃப்ட், இந்த ஐந்துதான் முக்கியமாக ஓடும் பாகங்கள் என்று டிராபிக்காரர்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்கள்.

வண்டியின் எடை சுமார் 615 கிலோ. அதனால்தான் 26 குதிரை போதுகிறது.

பெட்ரோல் போடுவதே சடங்கு மாதிரி இருக்குமாமே?

இருக்கும். டாங்க் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கிறது. பம்ப் இல்லாததால் பெட்ரோல் தானாகக் கீழே இறங்கி கார்புரேட்டருக்குப் போக வேண்டும், அதற்காக இந்த உயரம். ஆகவே பங்க்கில் நின்றதும் பானட்டைத் திறக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பவர் வண்டி நின்றுபோய்விட்டதோ என்று உதவிக்கு வருவார். ஒவ்வொரு முறையும் வருவார்.

என் வண்டியில் பெட்ரோல் முள் கிடையாது. டாங்க் மூடியைத் திருகி, நீளமான அளவுகோல் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருட்டில் பார்த்தால் எல்லாக் கோடும் ஈரமாகத்தான் தெரியும். அடுத்து, 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ ஸ்ட்ரோக் ஆயில். எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளுக்கு 33-க்கு 1. அந்தக் காலத்தில் கலந்த பெட்ரோலையே பங்க்கில் விற்றார்கள். இப்போது நானே அளவுக் குவளையில் ஊற்றிக் கலக்கிறேன். ஆயிலை முதலில் ஊற்றிவிட்டு அதன் மேல் பெட்ரோலை அடிக்க வேண்டும், அப்போதுதான் சேரும்.

ரிசர்வ் குழாய் வண்டிக்குள்ளேயே, டாஷ்போர்டுக்கு அடியில். மூடு, திற, ரிசர்வ் என்று மூன்று நிலை. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் இருமத் தொடங்கினால் குனிந்து திருப்ப வேண்டும். பைக்கில் இதைச் செய்திருக்கிறோம், நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் காரில் செய்வது வேறு அனுபவம். நிறுத்தும்போது குழாயை மூட மறந்தால் சில சமயம் எஞ்சினுக்குள் பெட்ரோல் நிறைந்து, மறுநாள் காலை கிளப்பவே முடியாது.

ஓட்ட எப்படி இருக்கிறது?

முதலில் சத்தம். டெங் டெங் டெங் என்று காலி எண்ணெய் டின்னை யாரோ ஒழுங்கான தாளத்தில் தட்டுவதுபோல. வேகம் எடுத்தால் அது இரைச்சலாகி, உள்ளே இருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும்.

கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைத்தடி. இழுத்து, தள்ளி, மேலே, கீழே. பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்குக் கை தானாகப் பழகிவிடும். ஸ்டியரிங் இலேசானது, வண்டி குட்டியானது, மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். சந்துபொந்தில் திருப்ப இதைவிட இனிய வண்டியை நான் ஓட்டியதில்லை. பனிக்காலத்தில் முன் சக்கரத்தின் மேலேயே எஞ்சின் எடை இருப்பதால் ஏற்றத்தில் மற்றவர்கள் வழுக்கும்போது இது உறுமிக்கொண்டு ஏறும்.

நான்காவது கியரில் ஒரு விசித்திரம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைக்கிள்போல் சும்மா உருளும், எஞ்சின் பிடித்து இழுக்காது. காரணம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. இறக்கத்தில் பெட்ரோலை மூடிவிட்டு எஞ்சினைச் சுழலவிட்டால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் தேயும். அதற்காகத்தான் அந்தத் தனி ஏற்பாடு. பழகாதவர்கள் மலைச்சாலையில் முதல் இறக்கத்தில் பயந்துவிடுவார்கள். நானும் பயந்தேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இப்போது இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவதுக்கு மாற்றிவிடுகிறேன்.

அதிகபட்சம் 100 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே போகும். நான் 80-ஐத் தாண்டுவதில்லை. 80-க்கு வரவே இருபது விநாடி பிடிக்கும், தாண்டுவதற்கு அவசரம் என்ன?

ஹீட்டர் வேலை செய்யும். சைலன்சர் சூட்டில் காய்ந்த காற்றை உள்ளே விடும் ஏற்பாடு. கூடவே அந்த வாசனையும் வரும். வீட்டுக்கு வந்ததும் என் கோட்டை வெளியே மாட்டச் சொல்கிறார்கள்.

மைலேஜ்?

லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. இந்த அளவு எஞ்சினுக்கு அது மோசம்.

அடிக்கடி மக்கர் பண்ணுமா?

பண்ணும், ஆனால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம். ஸ்பார்க் பிளக், பாயின்ட், கார்புரேட்டர் ஜெட்டில் தூசி, ஃபேன் பெல்ட். பெரும்பாலான நாள் இதில் ஒன்றுதான். அந்தக் காலத்தில் உதிரி பாகம் கடையில் கிடைக்காது. ஆகவே எப்போது எது கண்ணில் பட்டாலும் வாங்கி வைத்துவிடுவார்கள், தேவையோ இல்லையோ. பெரியவர் வண்டியோடு தன் நிலவறையில் இருந்ததையும் எனக்குக் கொடுத்தார். ஒரு கிராங்க் ஷாஃப்ட் கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றியபடி. இரண்டு மட்கார்டு கூரையிலிருந்து கயிற்றில் தொங்கின. சைலன்சர் மூன்று. வலது பக்க முன்விளக்கு ஐந்து, இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அன்றைக்கு வலதுதான் வந்திருந்தது என்றார். இடது பக்கம் வைத்திருந்த ஒரு மனிதரோடு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடாம். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஏற்பட்ட பெரிய செலவு வண்டியால் வந்ததில்லை. ஒருமுறை பிரேக் வேலைக்காக ஒரு பட்டறையில் விட்டேன். இளம் பையன் ஒருவன் நல்ல மனதோடு டாங்க்கை நிரப்பிக் கொடுத்தான், வெறும் பெட்ரோலால். எனக்குச் சொல்லவும் இல்லை. ஏழு கிலோமீட்டர் போனதும் எஞ்சின் கத்தி, இறுகி, நின்றது. பிஸ்டன் இரண்டும் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டன. பட்டறைக்காரர் பாதிச் செலவை ஏற்றார். அன்றிலிருந்து டாங்க் மூடியில் ‘ஆயில்!’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

விபத்தில் பாதுகாப்பா?

இல்லை. ஏர்பேக் கிடையாது, பெட்ரோல் டாங்க் உங்கள் முழங்காலுக்கு முன்னால். இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

அவ்வளவு புகை விடும் வண்டியை ஊருக்குள் அனுமதிக்கிறார்களா?

புகையின் நீலம் எரிந்த ஆயில். எரியாமல் தப்பித்துப்போகும் பெட்ரோலும் அதில் ஏராளம். டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம் அது, நம் பழைய ஆட்டோக்களின் பின்னால் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் நகரங்களில் மாசு கட்டுப்பாட்டு மண்டலங்கள் உண்டு. பழைய வண்டிகள் நுழைய முடியாது. ஆனால் முப்பது வயது தாண்டி, நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு ‘பாரம்பரிய வாகனம்’ என்று தனி எண் பலகை தருகிறார்கள். அது இருந்தால் பெர்லின் நடுவிலேயே ஓட்டலாம். பழைய டீசல் கார் வெளியே நிற்க, டிராபி புகைவிட்டுக்கொண்டு உள்ளே போகும். நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டுகிறேன்.

1964-இல் வந்த மாடலை 1990 வரை அப்படியே செய்தார்களே, பொறியாளர்கள் தூங்கினார்களா?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். தலைமைப் பொறியாளராக இருந்த வெர்னர் லாங்கும் அவருடைய ஆட்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அறுபதுகளிலேயே பி 603 என்று ஒரு வண்டி வரைந்து, ஓடும் மாதிரிகளும் செய்துவிட்டார்கள். பின்பக்கம் முழுதாகத் திறக்கும் கதவு, நவீன வடிவம். வாங்கெல் சுழல் எஞ்சினைக்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். மேற்கில் ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் வந்தது 1974-இல் என்பதை நினைவில் வையுங்கள். 1968-இல் ஆளும் கட்சி மேலிடம் நிறுத்தச் சொன்னது. எழுபதுகளில் செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர்ந்து இன்னொரு திட்டம், அதுவும் செத்தது. பிறகு பி 610 என்று இன்னொரு மாதிரி. 1979-இல் அதற்கும் முற்றுப்புள்ளி.

மேலிடத்தின் கணக்கு எளிது. எப்படிச் செய்தாலும் வரிசையில் நின்று வாங்கத்தான் போகிறார்கள், புது அச்சுக்கு எதற்குக் காசு? 1958-இல் டிராபி உலகத்தின் எந்தச் சின்னக் காரோடும் நிமிர்ந்து நிற்கக்கூடிய வண்டி. முன் சக்கர இழுவை, குறுக்கு எஞ்சின், நான்கு பேர் உட்காரும் இடம். புகழ்பெற்ற மினி இதே அமைப்போடு வந்தது அடுத்த ஆண்டுதான். கேலிக்குரியது 1988-இல் வந்த டிராபி. அதற்கு அந்தப் பொறியாளர்களைக் கேலி செய்வது முறையில்லை.

பெர்லின் சுவர் படங்களில் எல்லாம் இந்தக் கார் வருகிறதே?

1989 கோடையில் ஹங்கேரிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே இருந்த எல்லை வேலி தளர்ந்தது. செப்டம்பர் 11 முதல் கிழக்கு ஜெர்மனியர் அந்த வழியாக ஆஸ்திரியாவுக்குப் போகலாம் என்றானது. ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள், டிராபியில்தான். பிராக் நகரில் அடைக்கலம் தேடி மேற்கு ஜெர்மன் தூதரகத்தின் சுவரேறிக் குதித்தவர்கள், தெருவோரத்தில் டிராபியை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வாங்கியதை! டேவிட் செர்னி என்ற செக் சிற்பி அதை நினைத்து, சக்கரத்துக்குப் பதில் நான்கு மனிதக் கால்களோடு நடந்து போகும் ஒரு டிராபி செய்தார். அதன் பிரதி ஒன்று இன்றும் அந்தத் தூதரகத் தோட்டத்தில் நிற்கிறது.

நவம்பர் 9 இரவு சுவர் திறந்தபோது டிராபிகள் வரிசையாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தன. இரண்டு பக்கமும் நின்றவர்கள் கூரையைத் தட்டித் தட்டி வரவேற்றார்கள். அந்த டொக் டொக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று என் தெருவில் ஒரு அம்மா சொல்வார். அவர் பின்சீட்டில் இருந்திருக்கிறார், மடியில் தூங்கும் குழந்தையோடு. குழந்தை எழுந்துவிடுமே என்று அவருக்கு ஒரே எரிச்சலாம். பெர்லினில் மிஞ்சியிருக்கும் சுவரின் ஓவிய வரிசையில், சுவரைக் கிழித்துக்கொண்டு வரும் டிராபி ஒன்று உண்டு. பிர்கிட் கிண்டர் வரைந்தது. எண் பலகையில் அந்த நாளின் தேதி.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1990 ஜூலை 1-இல் மேற்கத்திய மார்க் கிழக்குக்கும் வந்தது. கையில் உண்மையான காசு வந்ததும் எல்லோரும் பழைய கோல்ஃப், ஓப்பல் தேடி ஓடினார்கள். டிராபியைச் சும்மா கொடுத்தார்கள், காட்டோரம் விட்டுவிட்டுப் போனார்கள்.

நான்கு ஸ்ட்ரோக் டிராபியும் உண்டாமே?

உண்டு. 1984-இல் ஃபோல்க்ஸ்வாகனோடு எஞ்சின் ஒப்பந்தம் போட்டு, கார்ல் மார்க்ஸ் நகரில் (இன்றைய கெம்னிட்ஸ்) அந்த எஞ்சினைச் செய்தார்கள். அது பொருந்திய டிராபான்ட் 1.1 விற்பனைக்கு வரும்போது 1990 ஆகிவிட்டது. வாங்க ஆள் இல்லை. ஏறத்தாழ 39,000 வண்டியோடு முடிந்தது. இன்று அவைதான் அரிது, ஆனால் டிராபிப் பிரியர்கள் அதைப் பாதி டிராபியாகத்தான் மதிக்கிறார்கள். சத்தமே வேறு.

ஸ்விக்காவ் ஓரத்தில் ஃபோல்க்ஸ்வாகன் 1990-லேயே கால் வைத்தது. அந்தத் தொழிற்சாலையில் 2019 முதல் மின்சாரக் கார்கள் வருகின்றன. பழைய ஆடி தொழிற்சாலை இடத்தில் ஆகஸ்ட் ஹோர்ஹ் பெயரில் அருங்காட்சியகம். டியூரோபிளாஸ்ட் அச்சு இயந்திரத்தை அங்கே பார்க்கலாம்.

இப்போது வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஜெர்மனியில் இன்னும் 30,000-க்கும் மேல் பதிவில் இருக்கின்றன. நல்ல வண்டிக்குச் சில ஆயிரம் யூரோ ஆகும். உதிரி பாகம் அந்தக் காலத்தைவிட இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. பெரியவருக்கு இதுதான் தாங்க முடியாத வேடிக்கை.

வெளிப் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பழைய துணியில் படுத்து, கதவுக்குக் கீழ் இருக்கும் இரும்புச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபேன் சத்தத்துக்கு நடுவே கரகரவென்று கேட்டால் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். எஞ்சினைப் பற்றி வேறு கவலை வேண்டாம், ஒரு ஆளால் தூக்கி வைக்க முடியும்.

விற்பீர்களா?

விற்கமாட்டேன். விற்றாலும் முதலில் பெரியவரைக் கேட்க வேண்டும். குளிர்காலம் முடிந்து ஏப்ரலில் வண்டியை வெளியே எடுக்கும் அன்று அவரைக் கூப்பிடுவேன். எண்பது தாண்டிவிட்டது, ஏறி உட்கார மாட்டார். பக்கத்தில் நின்று, கிளப்பச் சொல்வார். கையைப் பானட் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்பார். போன முறை, இடது சிலிண்டர் பிளக்கை மாற்று என்றார். கழற்றிப் பார்த்தேன், கறுத்துத்தான் இருந்தது.